காதும் கண்ணும் பழகட்டும்

க.பொ.த. மாணவருக்கான ஆங்கிலப் பாடம்: செவிமடுத்தலும் வாசித்தலும்



நம் பிள்ளைகள் மூன்றாம் தரத்தில் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். பதினோராம் தரத்தில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் வரை ஒன்பது ஆண்டுகள் அப்பாடத்தைப் படிக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளின் முடிவில் ஒரு பிள்ளை இறந்தகால வினைகளை வரிசையாக ஒப்புவிக்கும். மனனம் செய்த கட்டுரையை ஒரு காற்புள்ளி பிசகாமல் எழுதும். அதே பிள்ளையிடம் தொலைபேசியில் ஒருவர் ஆங்கிலத்தில் பெயரையும் ஊரையும் கேட்டால் விழிக்கும். முன்பின் தெரியாத பந்தி ஒன்றைக் கொடுத்தால் முதலாவது வரியிலேயே நின்றுவிடும். இது பிள்ளையின் புத்திக் குறைவன்று. எழுதும் கையையும் ஒப்புவிக்கும் வாயையும் பழக்கினோம். காதையும் கண்ணையும் பழக்காமல் விட்டோம்.

இதனால் வரும் நட்டம் பரீட்சைப் புள்ளியோடு முடிவதில்லை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. உயர்தரம் வரை தமிழில் படித்து நல்ல பெறுபேற்றோடு உள்ளே போகும் பிள்ளை, முதல் நாள் விரிவுரையிலே காதடைத்தவர் போல இருக்க நேரிடுகிறது. வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செவிமடுத்தற் பகுதியில் 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒரேயொரு முறைதான் கேட்கும். வாசிப்புப் பகுதியிலும் 40 வினாக்கள். நேரம் 60 நிமிடங்கள். அங்கே மனனம் கைகொடுக்காது.

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" என்று கவலைப்படும் தாய்மார் அநேகர். நல்ல ரியூசனும் ஆங்கிலம் பேசும் வீடும் இருந்தால்தான் ஆங்கிலம் வரும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் முழுவதும் சரியன்று. இப்பாடம் மாணவருக்கு மட்டுமன்றி அந்தத் தாய்மாருக்காகவும் எழுதப்படுகிறது.

1. ஏன் காதில் ஏறுவதில்லை?

"ஆங்கிலேயர் வேகமாகப் பேசுகிறார்கள்" என்பதே மாணவர் சொல்லும் முதற் காரணம். வேகம் ஒரு சிறு காரணமே. பெரிய காரணங்கள் மூன்று உண்டு.

முதலாவது, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இது நமக்குப் புதுமையானதன்று. "நான் ஒரு" என்பது பேச்சில் "நானொரு" ஆகிறது. மெய்யின்மேல் உயிர் ஏறுவதைப் புணரியலில் படித்திருக்கிறீர்கள். ஆங்கிலத்திலும் அவ்வாறே "அன் அப்பிள்" என்பது "அனப்பிள்" என்று காதில் விழும். "பிறெட் அன்ட் பட்டர்" என்பதில் நடுச்சொல் தேய்ந்து "பிறெடன்பட்டர்" ஆகும். மாணவர் எழுத்தில் கண்ட மூன்று சொற்களைத் தேடுகிறார். காதில் விழுவதோ ஒரு நீண்ட சொல். தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியம் போய்விடுகிறது.

இரண்டாவது, அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தோடு சொல்லுகிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை ஒடுங்கும். படத்தைக் குறிக்கும் "ஃபோட்டோகிராஃப்" என்ற சொல்லில் முதல் அசை ஓங்குகிறது. படம் பிடிப்பவரைக் குறிக்கும் "ஃபொட்டொகிரஃபர்" என்பதில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகிறது. முதல் அசை மங்கிவிடுகிறது. ஒரே குடும்பத்துச் சொற்களாயினும் காதுக்கு இரண்டு அந்நியர் போல் தோன்றுவது இதனாலேயே.

இந்த அழுத்தமே 13ஐயும் 30ஐயும் பிரித்துக் காட்டுகிறது. "தேர்ட்டீன்" என்று தனியே சொல்லும்போது பின்பகுதி ஓங்கி நீளும். "தேர்ட்டி" என்பதில் முன்பகுதி ஓங்கும், பின்பகுதி குறுகும். 14 - 40, 15 - 50, 16 - 60 எல்லாம் இவ்வாறே. பஸ் நேரத்தையும் மருந்தின் அளவையும் காசையும் கேட்கும்போது இந்த ஓர் ஒலி பிசகினால் விளைவு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாமை. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோயிற்று; உச்சரிப்போ தொடர்ந்து மாறிக்கொண்டே வந்தது. கத்தியைக் குறிக்கும் "நைஃப்" என்ற சொல்லின் தொடக்கத்திலே நிற்கும் 'கே' எழுத்து ஒருகாலத்தில் வாயில் ஒலித்த எழுத்துத்தான். ஒலி போய்விட்டது, எழுத்து நின்றுவிட்டது. தீவைக் குறிக்கும் "ஐலண்ட்" என்ற சொல்லில் உள்ள 'எஸ்' எழுத்தோ என்றுமே ஒலித்ததில்லை. வேறொரு சொல்லைப் பார்த்துப் பிற்காலத்தவர் தவறாக நுழைத்தது அது. ஆகவே ஒரு புதிய சொல்லைக் கண்ணால் மட்டும் படித்தவர் பாதிச் சொல்லையே படித்தவர். "ஐஸ்லாண்ட்" என்று மனத்துள் வாசித்துப் பழகியவருக்கு "ஐலண்ட்" என்று வானொலியில் கேட்டால் எப்படி விளங்கும்?

2. நமக்குள்ள வசதியும் நமக்குள்ள இடரும்

தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. குறில் நெடில் வேறுபாடு நம் காதில் சிறு வயதிலிருந்தே ஊறியது. கப்பலைக் குறிக்கும் "ஷிப்" என்பதையும் ஆட்டைக் குறிக்கும் "ஷீப்" என்பதையும் பிரித்தறிய வேறு சில மொழியினர் மிகவும் சிரமப்படுவர். நமக்கு அது கல்லும் காலும் போலத் தெளிவு.

இடர் எங்கே? நமது 'ப' ஓர் எழுத்து. ஆங்கிலத்தில் அதற்கு எதிரே 'பி', 'பீ', 'எஃப்' என்று மூன்று எழுத்துக்களின் ஒலிகள் நிற்கின்றன. இதற்கு நம் வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நாம் குடிப்பது கோப்பி, எழுதுவது கொப்பி. நெடிலையும் குறிலையும் கொண்டு நாம் இவற்றைப் பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் இவ்விரண்டு சொற்களின் முதல் உயிரொலியும் ஒன்றே. வேறுபாடு நடுவிலுள்ள மெய்யொலியில் மட்டுமே இருக்கிறது. ஒன்றில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று சீறுகிறது. மற்றதில் இரண்டு உதடுகளும் ஒட்டிப் பிரிகின்றன. கண்ணாடியின் முன் நின்று இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். வாய் பிரித்துச் சொல்லப் பழகிய ஒலியைக் காதும் விரைவில் பிரித்துக் கேட்கும்.

இன்னொன்று. முடியும் என்பதற்குக் "கன்", முடியாது என்பதற்குக் "கான்ட்". முடிவிலுள்ள 'ரி' எழுத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று மாணவர் காத்திருக்கிறார். பேச்சில் அது பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடும். நம் பாடசாலைகளில் பழக்கமான பிரித்தானிய உச்சரிப்பில் உயிரின் நீளத்தைக் கவனியுங்கள். மெல்லிதாகக் குறுகினால் முடியும். ஓங்கி நீண்டால் முடியாது. மீண்டும் குறில் நெடில்தான் நமக்குத் துணை.

3. செவிமடுக்கப் பழகும் முறை

தெரிந்த செய்தியைத் தெரியாத மொழியில் கேட்பதே மிகச் சிறந்த தொடக்கம். இதற்கு இலங்கையில் வாழும் நமக்குள்ள வாய்ப்பு எல்லா நாட்டவர்க்கும் கிடைப்பதன்று. கொழும்பில் வானொலி 1925இலேயே தொடங்கிவிட்டது. இன்று ஒரே நாளின் செய்திகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கேட்கலாம். முதலில் தமிழ்ச் செய்தியைக் கேளுங்கள். பின்பு அன்றைய ஆங்கிலச் செய்தியைக் கேளுங்கள். வெள்ளம் வந்த ஊர், வந்த விருந்தினர், விலை ஏறிய பொருள் யாவும் முன்னரே தெரிந்திருக்கும். காது சொற்களை மட்டும் பிடித்தால் போதும்.

மெதுவான ஆங்கிலத்தை முதலிற் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் குரல் வானொலி 1959ஆம் ஆண்டில் பிறநாட்டாருக்கென்றே ஒரு சிறப்பு ஆங்கில ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ 1500 சொற்களுக்குள், குறுகிய வாக்கியங்களில், நிறுத்தி நிறுத்திச் செய்தி வாசித்தனர். 1500 சொற்களைக் கொண்டே உலகச் செய்தி முழுவதையும் சொல்லலாம் என்பதை அது காட்டியது. பி.பி.சி.யும் ஆறு நிமிட ஆங்கிலம் என்ற பெயரில் மாணவருக்கான உரையாடல்களை எழுத்துவடிவத்தோடு இணையத்தில் தருகிறது. வீட்டிலுள்ள கைத்தொலைபேசியிலேயே இதைக் கேட்கலாம்.

எதைக் கேட்டாலும் இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள்:

(அ) முதல் முறை, பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற ஒன்றை மட்டும் ஒரு தமிழ் வாக்கியத்தில் சொல்லுங்கள்.

(ஆ) இரண்டாம் முறை, யார், எங்கே, எப்போது, எத்தனை என்ற நான்குக்கும் விடை குறியுங்கள். முழு வாக்கியம் எழுதவேண்டாம். ஒரு சொல்லும் ஓர் எண்ணும் போதும்.

(இ) மூன்றாம் முறை, எழுத்துவடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் காதுக்குத் தப்பிய சொற்களின் கீழே கோடிடுங்கள். உங்களுக்குரிய உண்மையான பாடம் அந்தக் கோடிட்ட சொற்களே.

(ஈ) நான்காம் முறை, இரண்டு மூன்று வாக்கியங்களை மட்டும் எடுத்து, பேசுபவரின் நிழல் போலப் பின்னாலேயே உரத்துச் சொல்லுங்கள். எந்த அசை ஓங்குகிறது, எங்கே மூச்சு விடுகிறார் என்பதையும் அப்படியே பின்பற்றுங்கள்.

ஒரு சொல் தவறிவிட்டால் அதனோடு மல்லுக்கட்டி நிற்காதீர்கள். போன பஸ்ஸைத் துரத்துகிறவர் வருகிற பஸ்ஸையும் விட்டுவிடுவார்.

4. வாசிப்புக்கு எந்தப் புத்தகம்?

முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் வங்காளத்தின் டாக்காவில் பணியாற்றிய மைக்கல் வெஸ்ட் என்ற கல்வியாளர், அங்குள்ள பிள்ளைகள் ஆங்கில வாசிப்பில் படும் பாட்டைக் கண்டார். பாடநூல்களில் ஒரே பக்கத்தில் புதிய சொற்கள் குவிந்திருந்தன. ஒரு முறை வந்த சொல் திரும்ப வருவதில்லை. அவர் புதிய சொற்களைக் குறைத்து, வந்த சொல்லைத் திரும்பத் திரும்ப வரச்செய்து வாசிப்பு நூல்களை ஆக்கினார். பின்னர் 1953இல், ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியலையும் வெளியிட்டார். இன்று படிமுறையாக வரும் வாசிப்பு நூல்கள் அவ்வழியில் வந்தவையே. ஒக்ஸ்ஃபோர்ட் பதிப்பகத்தின் புக்வேம்ஸ் வரிசையில் முதலாம் படிக்கு 400 சொற்கள். ஆறாம் படிக்கு 2500 சொற்கள்.

உங்களுக்கு ஏற்ற புத்தகத்தை எப்படி அறிவது? ஏதேனும் ஒரு பக்கத்தில் 100 சொற்களை எண்ணி வாசியுங்கள். தெரியாதவை இரண்டு அல்லது மூன்றாயின் அது உங்கள் புத்தகம். பத்துக்கு மேலாயின் இப்போதைக்கு மூடிவையுங்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், 100க்கு 98 சொற்கள் தெரிந்தபோதே பெரும்பாலோர் உதவியின்றிக் கதையை விளங்கிக்கொண்டனர். 80 சொற்கள் மட்டும் தெரிந்தவருள் ஒருவரும் போதிய அளவு விளங்கிக்கொள்ளவில்லை. கடினமான நூலை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவது படிப்பாகாது.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் விஞ்ஞானம், கணிதம் முதலிய பாடநூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. இணையத்திலும் இலவசமாகப் பெறலாம். வகுப்பில் தமிழில் படித்து முடித்த அலகை ஆங்கில நூலில் எடுத்து வாசியுங்கள். ஒளித்தொகுப்பும் இரத்தச் சுற்றோட்டமும் நீங்கள் அறிந்தவை, படங்களும் அறிந்தவை. அகராதியை அதிகம் திறக்காமலே பொருள் விளங்கும். நாளை பல்கலைக்கழகத்தில் வேண்டப்படும் சொற்களும் இவையே.

5. பந்தியை வாசித்து விடையளித்தல்

க.பொ.த. வினாத்தாளில் பந்தியைக் கண்டதும் பலர் செய்யும் பிழை, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கத் தொடங்குவதாகும். தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். ஆகவே தமிழாக்குகிறவர் வாக்கியத்தின் முடிவுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது. நேரம் போகும், பொருளும் சிதறும். வந்த ஒழுங்கிலேயே துண்டு துண்டாகப் பொருள் கொள்ளுங்கள்: "அந்தப் பையன் / நேற்றுத் தன் பையைத் தொலைத்தானே, அவன் / என் தம்பி." இவ்வாறு பழகினால் கண் பின்னோக்கி ஓடாது. காதுக்கும் இதே பழக்கம் உதவும். பேச்சைத் திருப்பி ஓட்ட முடியாதல்லவா?

தலைப்பையும் வினாக்களையும் முதலில் வாசித்து, பின்பு பந்தியை நிறுத்தாமல் ஒரு முறை முழுவதும் வாசியுங்கள். அதன்பின் கவனிக்க வேண்டியவை நான்கு.

தெரியாத சொல்: "மழை தொடங்கியதும் அவர் தமது டிம்போவை விரித்துத் தலைக்கு மேலே பிடித்தார்." டிம்போ என்று ஒரு சொல் எந்த மொழியிலும் வேண்டியதில்லை, அது குடை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அயலிலுள்ள சொற்களே பொருளைச் சொல்லிவிட்டன. ஆங்கிலப் பந்தியிலும் அவ்வாறே செய்யுங்கள்.

சுட்டுச் சொல்: தமிழில் மனிதருக்கு "அவர்கள்", பொருள்களுக்கு "அவை". ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "தே" ஒன்றே. "விவசாயிகள் கிழங்குகளைக் கிண்டினர், 'தே' நல்ல பருமன்" என்றால் பருமனானவை கிழங்குகளே. சுட்டுச் சொல்லைக் கண்டவுடன் அது எதைக் குறிக்கிறது என்று அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்புச் சொல்: "பட்", "ஆல்தோ", "அன்லெஸ்" போன்ற சிறு சொற்கள் பொருளை மறுபக்கம் திருப்பிவிடும். "அன்லெஸ் இட் ரெயின்ஸ், வீ வில் கம்" என்பதை மழை பெய்தால் வருவோம் என்று எழுதிப் புள்ளி இழப்போர் பலர். மழை பெய்யாவிட்டால் வருவோம் என்பதே பொருள்.

சொல்லாமற் சொன்னது: வினாவிலுள்ள ஒரு சொல்லைப் பந்தியில் தேடி, அது இருக்கும் வரியை அப்படியே பார்த்தெழுதுவது எல்லா வினாவுக்கும் விடையாகாது. சில விடைகளை ஊகித்தே அறிய வேண்டும். அதற்கான பயிற்சி கீழே இருக்கிறது.

6. பெற்றோர் செய்யக்கூடியவை

ஆங்கிலம் தெரியாத தாயும் தகப்பனும் மூன்று காரியங்களைச் செய்யலாம். நாளுக்கு இருபது நிமிடம் வீட்டில் அமைதி உண்டாக்கிக் கொடுங்கள். கேட்டு முடித்ததும், வாசித்து முடித்ததும், "என்ன சொன்னவை? தமிழிலை சொல்லு பார்ப்பம்" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் விளங்கவில்லை என்பதைப் பிள்ளையே உணர்ந்துவிடும், திட்டத் தேவையில்லை. "யார்? எத்தனை மணிக்கு? ஏன்?" என்று மறுகேள்வி போடுங்கள். கதை கேட்கும் ஆவலோடு கேட்டால் பிள்ளையும் ஆவலோடு வாசிக்கும். அந்தக் காலத்தில் ஆங்கிலம் படித்த பென்சன்காரத் தாத்தா வீட்டில் இருந்தால், அவரைப் பத்திரிகையில் ஒரு பந்தியை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

வாரத்துக்கான ஒழுங்கு: திங்கள், புதன், வெள்ளி செவிமடுத்தல், செவ்வாய், வியாழன் வாசித்தல், சனிக்கிழமை கடந்தகால வினாத்தாளிலிருந்து ஒரு பந்தி, மணிக்கூட்டைப் பார்த்து, ஞாயிறு அவ்வாரம் கேட்டதிலும் வாசித்ததிலும் ஒன்றை வீட்டாருக்குச் சொல்லுதல். இருபது நிமிடம் சிறிதுதான். ஒரு மாதத்தில் அது ஏறத்தாழப் பத்து மணித்தியாலம்.

இவ்வாரப் பயிற்சி

I. செவிமடுத்தல். வீட்டில் ஒருவர் இதை இரண்டு முறை உரத்து வாசிக்க, மாணவர் புத்தகத்தைப் பாராமல் விடை எழுதுக: "த ட்ரெயின் டு வவுனியா வில் லீவ் அட் சிக்ஸ் ஃபிஃப்டீன், நொட் அட் சிக்ஸ் ஃபிஃப்டி. யூ கான்ட் பை டிக்கட்ஸ் ஒன் த ட்ரெயின்."

1. புகைவண்டி எத்தனை மணிக்குப் புறப்படும்?
2. வண்டிக்குள் ஏறியபின் பயணச்சீட்டு வாங்கலாமா?

II. வாசித்து ஊகித்தல். "தபாற்காரர் படலையில் மணியடித்தார். பாட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் பிரித்தார். இரண்டாம் பந்திக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. அடுக்களைப் பக்கம் திரும்பி, 'பிள்ளை, நாளைக்கு இன்னும் இரண்டு சுண்டு அரிசி கூடப் போடவேணும்' என்றார்."

3. கடிதத்தின் இரண்டாம் பந்தியில் என்ன எழுதியிருந்தது?
4. அதை எந்தச் சொற்களால் அறிந்தீர்கள்?
5. அந்தச் செய்தி பாட்டிக்கு மகிழ்ச்சியா, கவலையா? எப்படித் தெரியும்?

விடைகள்: 1. ஆறு மணி 15 நிமிடம். 2. வாங்க முடியாது, "கான்ட்" என்பதில் உயிர் நீண்டு ஒலித்தது. 3. மறுநாள் விருந்தினர் வருகிறார்கள். 4. கூடுதலாக இரண்டு சுண்டு அரிசி. 5. மகிழ்ச்சி, முகம் மலர்ந்தது.

மூன்றாம் வினாவின் விடை பந்தியில் எங்கும் எழுதப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆனாலும் வீட்டில் சோறு சமைப்பதைக் கண்ட எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். தமிழில் இவ்வளவு நுட்பமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்திலும் வாசிக்கும். விளங்கிக்கொள்ளும் திறமை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. காதும் கண்ணும் பழகுவதே பாக்கி. இன்றைக்கே இருபது நிமிடத்தை ஒதுக்கித் தொடங்குங்கள்.